நாட்காட்டியில் ஓர் இருமல்

நள்ளிரவு தாண்டிவிட்டால் கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் ஒவ்வோர் ஓசையும் தனித்தனியே கேட்கும். கடைசி எல்.ஆர்.டி. போயிருக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளின் இரைச்சல் மட்டும் தூரத்துக் கடல்போல் தொடர்ந்துகொண்டிருக்கும். எங்கள் அடுக்குமாடியில் யார் யாருக்கு இருமல் என்பது அந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் தெரியவரும். கீழ்த்தளத்துக் குழந்தைக்கு நெஞ்சுக்குள் கடகடக்கும் சளி இருமல். எதிர்வீட்டுச் சீனத் தாத்தாவுக்குப் பல வருடப் புகைப்பழக்கம் விட்டுச்சென்ற கனத்த இருமல். எங்களுக்கு மேல்வீட்டில் இருக்கும் அக்காவுக்கு வறட்டு இருமல். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தொண்டையில் யாரோ இறகால் வருடுவதுபோல் ஆரம்பித்து, அடுக்கடுக்காகப் பத்து, பதினைந்து முறை இருமிவிட்டுத்தான் ஓயும்.

அக்காவுக்கு 58 வயது. பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. இருமல் தொடங்கி ஐந்து மாதமாகியிருந்தது. நான்கு வகை இருமல் மருந்தும், இரண்டு முறை ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிட்டு முடித்திருந்தார். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. பஜனையில் பாடும்போது இருமல் வந்துவிடுவதால் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கணவர் தூக்கம் கெடக்கூடாது என்று வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்தார். ஒருநாள் படிக்கட்டில் நின்று, பெண்ணுக்குப் பெண் மட்டும் சொல்லிக்கொள்ளும் குரலில், "ரொம்ப இருமினா ஒண்ணுக்கு வந்துடுதுமா. வெளிய போறதுக்கே பயமா இருக்கு" என்றார்.

அக்காவின் இருமலுக்கான விடை அவர் சமையலறைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நேரமாயிற்று. நாள்பட்ட இருமலை அறிய உதவும் முதல் கருவி ஸ்டெதாஸ்கோப்பும் அல்ல, எக்ஸ்ரேயும் அல்ல, நாட்காட்டி. எத்தனை நாள், எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாறியது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால், பாதி நோயறிதல் முடிந்துவிடும். இந்த அத்தியாயத்தையும் அந்த நாட்காட்டி வரிசையிலேயே நடத்திச் செல்கிறேன்.

உடம்பின் காவல்

ஓர் இருமல் எப்படிப் பிறக்கிறது? பதில் நம் அடுப்படியில் இருக்கிறது. சம்பலுக்குக் காய்ந்த மிளகாயை எண்ணெயில் வதக்கினால், நெடி ஏறி வீடே இருமும். மிளகாயின் காரப்பொருளுக்குப் பெயர் கேப்சைசின். மூச்சுப்பாதையில் பரவியிருக்கும் நரம்பு நுனிகளில் அதற்கென்று ஒரு புரதக் கதவு இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் டி.ஆர்.பி.வி.1. கடும் வெப்பம் பட்டாலும், வயிற்று அமிலம் பட்டாலும் அதே கதவு திறக்கும். டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 1997இல் இதை அடையாளம் கண்டது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதன் உறவுக்காரப் புரதம் ஒன்று புகைக்கும் கடுகு நெடிக்கும் திறக்கிறது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் ஒருவரின் இருமல் உணர்வை அளக்கக் கேப்சைசின் கலந்த ஆவியைத்தான் உள்ளிழுக்கச் சொல்கிறார்கள்.

கதவு திறந்ததும் செய்தி வேகஸ் நரம்பு வழியாக மூளையின் அடித்தண்டிலுள்ள முகுளத்துக்கு ஓடுகிறது. அங்கிருந்து வரும் கட்டளை மூன்று படிகளில் நிறைவேறுகிறது. முதலில் ஆழ்ந்த மூச்சு. அடுத்து, குரல்வளை ஏறத்தாழ 0.2 விநாடி இறுக மூடிக்கொள்ள, வயிற்றுத் தசைகளும் விலா எலும்புத் தசைகளும் உள்ளே அடைபட்ட காற்றை நெருக்குகின்றன. மூன்றாவதாகக் குரல்வளை சட்டென்று திறந்து காற்று பீறிட்டு வெளியேறுகிறது. கடுமையான இருமலில் மார்புக்குள் அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரசம்வரை உயரலாம். இயல்பான இரத்த அழுத்தத்தின் மேல் எண் 120 என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த அழுத்தம் கீழ்நோக்கி இடுப்புத்தளத் தசைகளையும் தாக்கும். பிள்ளை பெற்ற, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்தத் தசைகள் தளர்ந்திருப்பதால் சிறுநீர் கசிகிறது. அக்காவுக்கு நேர்ந்தது இதுதான். உலகெங்கும் இருமலுக்கான சிறப்பு மருத்துவமனைகளுக்கு வருவோரில் பெண்களே அதிகம். அவர்களில் பலர் இதை டாக்டரிடம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியால் இது பெரும்பாலும் குறையும்.

வேகஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். பெயருக்கேற்ப அந்த நரம்பு தொண்டை, மூச்சுக்குழல், உணவுக்குழல், இதயம், குடல் என்று ஊர் சுற்றுகிறது. அதன் ஒரு சிறு கிளை காதுத் துளைக்கும் போகிறது. ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் ஃபிரெடரிக் அர்னால்டின் பெயரால் வழங்கும் கிளை அது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவது இதனால்தான். செவிப்பறையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு முடியோ அழுக்குக் கட்டியோ மாதக்கணக்கான இருமலுக்குக் காரணமாக இருந்து, அதை எடுத்ததும் இருமல் நின்ற நிகழ்வுகளும் உண்டு. இருமல் பிறக்கும் இடம் எப்போதும் நெஞ்சுதான் என்று எண்ணிவிடக் கூடாது.

இருமலுக்கு முன்னால் இன்னொரு காவலும் இருக்கிறது. மூச்சுக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள், காற்றில் ஆடும் நெற்பயிர்போல, விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, தூசி ஒட்டிய சளிப் படலத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நமக்குத் தெரியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். வைரஸ் தொற்றிலும் புகையிலும் இந்த இழைகள் அழிகின்றன. அப்போது அவற்றின் வேலையையும் இருமலே செய்ய வேண்டியதாகிறது.

முதல் 18 நாள்

நாட்காட்டியின் முதல் கட்டம் இது. சாதாரணச் சளிக்காய்ச்சலில் வரும் இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரு வாரம் என்பார்கள். அமெரிக்காவில் மார்க் ஈபெல் என்ற மருத்துவப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இதே கேள்வியைக் கேட்டார்கள். மக்கள் எதிர்பார்த்தது ஏறத்தாழ 7 முதல் 9 நாள். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த உண்மையான சராசரி 17.8 நாள்.

இந்த இடைவெளியில்தான் பெரும் தவறு நடக்கிறது. எட்டாம் நாள் பொறுமை இழந்து பேனல் கிளினிக்குக்குப் போகிறோம். எம்.சி. வாங்குகிறோம். "ஆன்டிபயாட்டிக் கொடுங்க டாக்டர், இது சாதாரண மருந்துக்குக் கேட்காது" என்கிறோம். பதினைந்தாம் நாள் இருமல் தானாகவே தணியத் தொடங்கும்; பெருமை மாத்திரைக்குப் போகும். அடுத்த முறையும் அதையே கேட்போம். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. நம் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்த மருந்தைப் பழக்கிவிடுவதுதான் மிச்சம்.

முதல் மூன்று வாரத்துக்குள் இருக்கும் இருமலை மருத்துவர்கள் குறுகிய இருமல் என்றும், மூன்று முதல் எட்டு வாரம்வரை நீடிப்பதை இடைநிலை இருமல் என்றும், எட்டு வாரம் தாண்டியதை நாள்பட்ட இருமல் என்றும் பிரிக்கிறார்கள். குழந்தைகளுக்கு நான்கு வாரம் தாண்டினாலே நாள்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் தேடவேண்டிய காரணங்கள் வேறு என்பதால்தான் இந்தப் பிரிவு.

இரண்டு வாரம்: பெயரிலேயே இருக்கும் எச்சரிக்கை

ஆனால் மூன்று வாரம்வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கவும் கூடாது. இரண்டாம் வார முடிவில் நாட்காட்டியில் ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். மலேசியச் சுகாதார அமைச்சு சொல்லும் கணக்கு இது: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. அந்த இருமல்களில் பெரும்பாலானவை காசநோயாக இருக்கப்போவதில்லை. ஒன்று தப்பிவிட்டாலும் வீடு முழுக்கப் பாதிக்கப்படும் என்பதால்தான் இவ்வளவு முன்னெச்சரிக்கை.

காசம் என்ற வடமொழிச் சொல்லுக்கு நேர்ப்பொருள் இருமல். மலாய்க்காரர்கள் காசநோயை 'பாத்துக் கெரிங்', அதாவது வறட்டு இருமல் என்றே அழைத்து வந்தார்கள். கிருமி எதுவென்று தெரியாத காலத்திலேயே இரண்டு மொழி மக்களும் இந்த நோயின் அடையாளத்தை அதன் இருமலில் கண்டுகொண்டார்கள். ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்த நாள் 1882 மார்ச் 24.

இது பழைய காலத்து நோய், இப்போது இல்லை என்று நம்மில் பலர் நம்புகிறோம். மலேசியாவில் இன்றும் ஆண்டுக்கு 25,000க்கு மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் கூடுதல். ஆகவே 'இனிப்பு நீர்' உள்ள நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டிய இருமல் இருந்தால், கொஞ்சமும் தள்ளிப்போடாமல் சளியைப் பரிசோதிக்க வேண்டும்.

நாட்டின் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961இல் தொடங்கியபோது அதன் தலைமையிடமாக இருந்தது கோலாலம்பூர் ஜாலான் பகாங்கிலுள்ள தேசியக் காசநோய் மையம். இன்று அது சுவாச மருத்துவக் கழகம். அங்கும் மற்ற அரசாங்க கிளினிக்குகளிலும் தரப்படும் சிகிச்சையின் வேர் ஒன்று சென்னையில் இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம் ஒரு துணிச்சலான கேள்வியைக் கேட்டது: நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் பிரித்து வைப்பது அவசியமா? வறுமையில், நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களில் ஒரு பாதியினருக்கு வீட்டிலேயே மாத்திரையும், மறு பாதியினருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் சத்துணவும் அதே மாத்திரையும் கொடுத்தார்கள். 1959இல் வெளியான முடிவு: இரு சாராரும் ஏறத்தாழ ஒரேபோல் குணமடைந்தார்கள். வீட்டில் இருந்து சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் தொற்றும் ஏற்படவில்லை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் வழக்கத்தை உலகம் கைவிட்டதில் அந்தத் தமிழ்நாட்டு நோயாளிகளுக்கும் பங்குண்டு.

இன்றைய சிகிச்சை பொதுவாக ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பின் நான்கு மாதம் இரண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது, பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று வாரத்திலேயே இருமல் குறைந்து, பிறருக்குத் தொற்றும் ஆபத்தும் பெரிதும் தணியும். அந்த நிம்மதியில்தான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக வளரும்.

நூறு நாள் இருமல்

மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை நீடிக்கும் இருமலில் பெரும்பகுதி, தொற்று போனபின் மிஞ்சியது. கிருமி இறந்துவிட்டது, ஆனால் அது உரித்துப்போட்ட மூச்சுக்குழல் சுவரில் நுண்ணிழைகள் மீண்டும் முளைக்க வாரங்கள் ஆகும். அதுவரை நரம்பு நுனிகள் திறந்த புண்போல் கூச்சத்தோடு இருக்கும். குளிர்காற்று, சிரிப்பு, தொலைபேசிப் பேச்சு என எதுவும் இருமலைத் தூண்டும். இதற்குத் தேவை பொறுமையும் புகையில்லாக் காற்றும்தான்.

இந்தக் கட்டத்தில் மறக்கக்கூடாத ஒன்று கக்குவான் இருமல். சீனர்கள் இதை 'நூறு நாள் இருமல்' என்றே அழைக்கிறார்கள். எதிர்வீட்டுத் தாத்தாதான் எனக்கு அந்தப் பெயரைச் சொன்னார். மலாயில் 'பாத்துக் கோக்கோல்'. இதன் கிருமியை 1906இல் பிரித்தெடுத்தவர்கள் போர்தே, ஜெங்கு என்ற இரு பெல்ஜிய அறிஞர்கள். பெரியவர்களுக்கு இது சாதாரண நீண்ட இருமலாகத் தெரியும். அவர்கள் முத்தமிடும் கைக்குழந்தைக்கோ மூச்சே நின்றுபோகலாம். மலேசியாவில் இதற்கான தடுப்பூசி 2, 3, 5 மாதங்களிலும் 18ஆம் மாதத்திலும் இலவசமாகப் போடப்படுகிறது. அந்தத் தேதிகளையும் நாட்காட்டியில் எழுதி வைக்க வேண்டும். விட்டு விட்டு நீண்ட தொடராக இருமி, முடிவில் வாந்தி எடுக்கும் யாரும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகக்கூடாது.

எட்டு வாரத்துக்குப் பிறகு

எட்டு வாரம் தாண்டி, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்து, புகைப்பழக்கமும் இல்லையென்றால்? அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் இர்வினும் உடன் பணியாற்றியவர்களும் 1981இல் இதற்கு ஒரு முறையான வழி சொன்னார்கள். இருமல் உணர்வைச் சுமக்கும் நரம்புகள் எங்கெல்லாம் போகின்றனவோ அங்கெல்லாம் வரிசையாகத் தேடு என்பதே அதன் சாரம். தேடினால் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் விடை கிடைக்கும். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சேர்ந்தே இருக்கும்.

முதலாவது மூக்கு. ஒவ்வாமையாலோ சைனஸ் அழற்சியாலோ சுரக்கும் சளி தொண்டையின் பின்பக்கம் ஒழுகும். அடிக்கடி தொண்டையைக் கனைக்கத் தோன்றும். நம் ஊரின் ஈரக்காற்று தூசிப்பூச்சிகளுக்குச் சொர்க்கம். பழைய இலவம்பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் அவை பெருகும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவைப்பதும், ஏர்கோன் வடிகட்டியைக் கழுவுவதும், உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், டாக்டர் சொன்னால் மூக்கு ஸ்பிரே அடிப்பதும் உதவும். மூக்கு கழுவக் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது மூச்சுக்குழல். வீசிங் இல்லாமல் இருமலாக மட்டும் வெளிப்படும் ஆஸ்துமா உண்டு. இரவு இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிடும். ஓடினால், சிரித்தால், மழைக்காற்று பட்டால் வரும். இதற்கு மருந்து உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு 'பம்ப்'. பம்ப் பழகிவிட்டால் விடமுடியாது என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அது அடிமைப்படுத்துவதில்லை, மூச்சுக்குழலின் அழற்சியைத்தான் தணிக்கிறது. அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும்.

மூன்றாவது உணவுக்குழல். நள்ளிரவில் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துவிட்டு நேரே படுக்கையில் சாய்ந்தால், வயிற்று அமிலம் மேலேறி அந்தப் புரதக் கதவுகளைத் தட்டும். கடைசி உணவுக்கும் தூக்கத்துக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவது, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, எடையைக் குறைப்பது ஆகியவையே முதல் சிகிச்சை. நெஞ்செரிச்சல் இல்லாதவருக்கு அமிலக் குறைப்பு மாத்திரை மட்டும் இருமலை நிறுத்துவது அரிது.

அக்காவின் நாட்காட்டி

அக்காவுக்கு மூக்கில் தொந்தரவு இல்லை. இரவு இருமல் இருந்தது. ஆனால் பகலிலும் அதே அளவு இருந்தது. பம்ப் அடித்துப் பார்த்தும் மாற்றமில்லை. ஒரு மாலை அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். ராகுகாலம், பண்டிகைகள், சீனத் தேதி எல்லாம் அச்சிட்டது. கேஸ் தோம்பு மாற்றிய நாள், கூத்துச் சீட்டுக் கட்டும் நாள், கிளினிக் அப்பாயின்மென்ட் எல்லாவற்றையும் அக்கா பேனாவால் அதில் எழுதி வைப்பார்.

"அக்கா, இருமல் எப்ப ஆரம்பிச்சது? பஜனைக்குப் போகாம நின்னது எந்த வெள்ளிக்கிழமை?"

பின்னோக்கித் தாள்களைப் புரட்டினார். பஜனை நின்ற வெள்ளிக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு கட்டத்தில் "பிரஷர் மருந்து மாத்தியாச்சு" என்று எழுதியிருந்தது. மாத்திரை அட்டையை எடுத்து வந்தார். பெரிண்டோபிரில்.

இந்த மாத்திரைக் குடும்பத்தின் கதை பிரேசில் காட்டில் தொடங்குகிறது. ஜராராக்கா என்ற குழிவிரியன் கடித்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். செர்ஜியோ ஃபெரைரா என்ற பிரேசில் அறிஞர் 1960களில் அந்த விஷத்தை ஆராய்ந்து, உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளின் வேலையைப் பெருக்கும் கூறு ஒன்றை அதில் கண்டார். அந்தத் தடத்தில் உருவாகி 1981இல் விற்பனைக்கு வந்தது கேப்டோபிரில். எனலாபிரில், பெரிண்டோபிரில், லிசினோபிரில் எல்லாம் அதன் தம்பிகள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காத்துக் கோடிக்கணக்கானோரை வாழவைத்த மருந்துகள் இவை. ஆனால் இவை தடுக்கும் நொதிதான் பிராடிகைனினைச் சிதைப்பதும். சிதையாத பிராடிகைனின் மூச்சுப்பாதையில் தேங்கி, இருமல் நரம்புகளைக் கூச்சப்படுத்துகிறது. சாப்பிடுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த வறட்டு இருமல் வருகிறது. பெண்களுக்கும் கிழக்காசிய மக்களுக்கும் இன்னும் அதிகம். முதல் மாத்திரையிலேயே வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம்.

அக்கா தானாக மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இரத்த அழுத்தம் எகிறியிருக்கும். நாட்காட்டித் தாளையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போனார். டாக்டர் பார்த்த உடனே லோசார்ட்டான் வகைக்கு மாற்றினார். அது பிராடிகைனினைத் தொடுவதில்லை. "உடனே நிக்காது, நாலு வாரம் ஆகலாம், சில பேருக்கு மூணு மாசம்கூட ஆகும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குள் இருக்கும் புகை

காரணம் எதுவாக இருந்தாலும், நாம் சுவாசிக்கும் காற்று அதை வளர்க்கவும் செய்யும், தணிக்கவும் செய்யும். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்று என்றதும் புகைமூட்டம் நினைவுக்கு வரும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரியும் கரிச் சதுப்பு நிலங்களின் புகை தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்து சேர்கிறது. 2005 ஆகஸ்ட் 11 அன்று காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1997, 2013, 2015, 2019 ஆண்டுகளின் புகையும் நமக்கு மறக்கவில்லை. குறியீடு 100ஐத் தாண்டினால் காற்று ஆரோக்கியமற்றது. 200க்கு மேல் மிகவும் ஆரோக்கியமற்றது. 300க்கு மேல் ஆபத்தானது. அந்த நாட்களில் துணி முகக்கவசத்தால் பயனில்லை. இந்தப் புகையின் நுண்துகளைத் தடுக்க முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 வேண்டும்.

புகைமூட்டம் சில வாரத்தில் கலைந்துவிடும். வீட்டுக்குள் நாமே தினமும் ஏற்றும் புகை கலைவதில்லை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட கொசுவத்திச் சுருள்களை ஆராய்ந்து, மலேசிய ஆய்வாளர்களும் இடம்பெற்ற குழு 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு சுருள் முழுதாக எரியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று அது கண்டது. டெங்கிக்குப் பயந்து ஜன்னலையும் மூடி, குழந்தையின் தலைமாட்டில் சுருளைக் கொளுத்துகிறோம். ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும். பூச்சட்டித் தட்டிலும் வாளியிலும் தேங்கிய நீரைக் கொட்டுவதும், ஜன்னலுக்கு வலை அடிப்பதும் குழந்தையை டெங்கியிலிருந்தும் காக்கும், இருமலிலிருந்தும் காக்கும். சாம்பிராணியும் ஊதுபத்தியும் நம் வழிபாட்டின் மணம். ஜன்னலைத் திறந்து வைத்து ஏற்றுங்கள். இருமுபவர் வீட்டில் இருந்தால் அந்த வாரங்களில் விளக்கும் பூவும் போதும்.

சிகரெட்டைப் பற்றி எதிர்வீட்டுத் தாத்தாவின் இருமலே சாட்சி. 2019 ஜனவரி 1 முதல் மலேசிய உணவகங்களில் புகைக்கத் தடை. 2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்த புதிய சட்டம் 'வேப்' எனும் மின்சிகரெட்டையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. புகையை விட்டபின் சில வாரம் இருமல் கூடுவதுபோல் தோன்றலாம். நுண்ணிழைகள் மீண்டும் எழுந்து வேலைக்குத் திரும்புவதன் அடையாளம் அது. அதற்குப் பயந்து மீண்டும் பற்றவைத்துவிடக் கூடாது.

பாட்டில்களும் பச்சிலைகளும்

சாலாக் செலாத்தானில் ஒருவர் இருமினால் மூன்று சமையலறைகளிலிருந்து மருந்து வரும். சீனர் வீட்டிலிருந்து கெட்டியான 'பி பா காவ்', மலாய் வீட்டிலிருந்து கஸ்தூரி எலுமிச்சைச் சாற்றில் கலந்த கீச்சாப், நம் வீட்டிலிருந்து சுக்கு, மிளகு, திப்பிலிக் கசாயம். இனிப்பும் வழவழப்பும் கொண்டவை தொண்டையின் நரம்பு நுனிகளைச் சிறிது நேரம் மூடி ஆறுதல் தருகின்றன. தேனுக்கு ஆய்வு ஆதரவும் உண்டு: சளிக்காய்ச்சலில் இரவில் இருமும் குழந்தைகளுக்குத் தூங்குமுன் ஒரு தேக்கரண்டித் தேன் கொடுத்தால் இருமல் குறைகிறது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தரவே கூடாது. பொட்டுலிசம் என்ற உயிருக்கு ஆபத்தான நச்சுநோய் வரலாம்.

ஆடாதோடை இலையைப் பாட்டிமார் சளிக்குக் கொடுத்ததில் ஆழ்ந்த பட்டறிவு இருந்தது. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்தே புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. பார்மசியில் பிசோல்வோன் என்று வாங்குகிறோமே, அதுதான். அதே சமயம் இலை என்பதால் எல்லாம் தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. அதிமதுரத்தை நாள்தோறும் அதிகம் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்துப் பாட்டில்களிலும் அதே எச்சரிக்கை வேண்டும். 2022இல் இந்தோனேசியாவில் டைஎத்திலீன் கிளைக்கால் போன்ற நச்சு கலந்த சிரப்புகளால் சிறுநீரகம் செயலிழந்து 200க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் குழந்தைகள் மாண்டார்கள். 2025இல் தமிழ்நாட்டில் தயாரான இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலியானார்கள். பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாத சிரப்பை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இருமல் சிரப்பால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. இரண்டு வயதுக்குக் கீழ் கூடவே கூடாது.

காவலே மிரளும்போது

எல்லாக் காரணத்தையும் தேடிச் சிகிச்சை செய்தபின்னும் சிலருக்கு இருமல் நிற்பதில்லை. முன்பெல்லாம் இவர்களை "மனப்பிரச்சினை" என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது ஐரோப்பிய சுவாச மருத்துவர்கள் இதற்கு இருமல் மிகையுணர்வு என்று பெயரிட்டிருக்கிறார்கள். நரம்பே மிரண்டுபோய், சிறு தூசிக்கும் நறுமணத்துக்கும் எச்சரிக்கை மணி அடிக்கும் நிலை அது. அந்த நரம்புகளில் பி2எக்ஸ்3 என்ற வாயிலை அடைக்கும் கெஃபாபிக்சன்ட் என்ற மருந்துக்கு 2022இல் ஜப்பான் அனுமதி தந்தது. அதே வாயில் நாக்கின் சுவை நரம்புகளிலும் இருப்பதால், பலருக்குச் சுவை மங்குகிறது. அமெரிக்கா இன்னும் அனுமதிக்கவில்லை.

மருந்தில்லாமலே ஒரு வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பேச்சுப் பயிற்சியாளர் ஆன் வெர்டிகனும் அவர் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியாலேயே இருமல் குறைவதைக் காட்டினார்கள். நமைச்சல் தொடங்கும் அந்தக் கணத்தில் இருமாமல் எச்சில் விழுங்குங்கள். ஒரு வாய் தண்ணீர் பருகுங்கள். மூக்கால் மெல்ல இழுத்து, குவித்த உதடு வழியே மெல்ல விடுங்கள். கனைப்பதை நிறுத்துங்கள். ஒவ்வோர் இருமலும் குரல்வளையைக் காயப்படுத்தி அடுத்த இருமலுக்கு வழி செய்கிறது. அந்தச் சங்கிலியை அறுப்பதே பயிற்சியின் நோக்கம். ஆனால் சளி நிறைந்த இருமலை இப்படி அடக்கக் கூடாது. அது வெளியேற வேண்டிய சளி.

காத்திருக்கக் கூடாத நாட்கள்

சில நேரங்களில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். சளியில் இரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாரித்தல், கைக்குழந்தைக்கு இருமும்போது மூச்சு தடைபடுதல், கடலை போன்ற ஒன்றை விழுங்கியபின் சட்டென்று தொடங்கிய இருமல் ஆகியவை அப்படிப்பட்டவை. காரணமில்லாத எடைக்குறைவு, இரவு வியர்வை, மாறாத குரல் கம்மல், பல காலம் புகைத்தவரின் இருமலில் ஏற்படும் மாற்றம் ஆகியவற்றுக்கு அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம்.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: தொடங்கிய தேதி, வறட்டு இருமலா சளியா, இரவிலா பகலிலா, எது தூண்டுகிறது, சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர், வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில் டாக்டர் கேட்க நேரமில்லாத கேள்விகளுக்கும் அந்தத் தாள் பதில் சொல்லும்.

மாத்திரை மாற்றிய நான்காம் வாரம் அக்காவின் இருமல் தேய்ந்து, ஆறாம் வாரம் நின்றது. மீண்டும் பஜனைக்குப் போகிறார். நள்ளிரவில் மேல்வீட்டிலிருந்து இப்போது மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் வருகிறது. போன வாரம் அவருடைய பேரன் இருமத் தொடங்கினான். நான் போனபோது அக்கா அவனுக்குத் தேனைத் தேக்கரண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். கொசுவத்தித் தட்டு வெளியே போயிருந்தது. சுவர் நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் பேரனின் பெயரும், அதன்கீழ் "இருமல், முதல் நாள்" என்றும் எழுதியிருந்தது. பதினான்காம் நாளைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டமும் போட்டிருந்தார்.